மாடு நக்கிய கப்பல்

கலைமணி ஜீப்பிலிருந்து இறங்கியபோது, தடயத்தை ஒரு செவலைப் பசு நக்கிக்கொண்டிருந்தது.

கழுத்துக் கயிறு இறுக, நாக்கை நீட்டி நீட்டி, வேறு வேலையே இல்லாததுபோல நக்கியது. மாட்டுக் கட்டுத்தரைக்குப் படியாகக் கிடந்த நீண்ட கருங்கல் அது. மேல்முகத்தில் பாய் விரித்த ஒரு கப்பலும், அதன் அடியில் 1749 என்ற எண்ணும் செதுக்கப்பட்டிருந்தன. கல்லைச் சுற்றிக் குச்சி நட்டுக் கயிறு கட்டி, தொடக் கூடாது என்று ஓர் அட்டையும் தொங்கவிட்டிருந்தார்கள்.

"மாட்டுக்குப் படிக்கத் தெரியாதுன்னு யாரும் யோசிக்கலை போலக்கா" என்றான் முபஷிர்.

முபஷிர் அவளுடைய உதவியாளன். சேந்தமங்கலத்தில் தன் அத்தா அமீர் பாஷாவின் ஜவுளிக்கடையில் துணி கிழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, நாமக்கல்லில் கலைமணி நடத்தும் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தவன். வண்டி ஓட்டுவான், படம் எடுப்பான், கேட்காத இடத்திலும் பேசுவான். மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் பேசிக்கொண்டேதான் வந்தான். கலைமணியின் மனதில் ஒரே பெயர் சுற்றிக்கொண்டிருந்தது. ராதிகா.

வழக்கு இதுதான். மலை ஊர்களின் தொகுப்பான வாழவந்தி நாட்டில் மிளகும் குச்சிக்கிழங்கும் போடும் சின்னராசுவின் வீட்டில், தலைமுறையாக மாடு மிதித்துக் கிடந்த இந்தக் கல்லைப் போன பங்குனியில் வரலாற்று ஆய்வாளரான ராதிகா பார்த்தாள். கடலூருக்குத் தெற்கே புன்னைத்துறையில் டச்சுக்காரர்கள் கட்டிக் கைவிட்ட கோட்டையின் வாசல் நிலைக்கல் அது என்றாள். கோட்டையில் ஆளில்லாமல் போனதும் கதவு, உத்திரம், கல் என்று எல்லாம் ஏலம் போயின. காப்பித் தோட்டம் போட வந்த ஒரு வெள்ளைக்காரன் நிலைக்கல்லை வாங்கி, மாட்டு வண்டியிலும் ஆள் தோளிலும் மலையேற்றிப் பங்களா கட்டினான். பங்களா இடிந்தது. சின்னராசுவின் முன்னோர் ஒருவர் கல்லை இழுத்துவந்து படியாகப் போட்டார். கடலையே பார்த்திராத குடும்பம். வீட்டுப் பக்கமிருந்து பார்த்தால் கப்பல் தலைகீழாகத் தெரியும்; அவர்கள் அதை ஏர் என்று எண்ணிக்கொண்டார்கள். ஏர்க்கல் என்றே அதற்குப் பெயர்.

பத்திரிகைகளில் கல்லின் படமும் ராதிகாவின் படமும் அடுத்தடுத்து வந்தன. கடலோரக் கோட்டைகளைப் பதிவு செய்யும் தனியார் குழு ஒன்றின் தலைவர் வேல்முருகன் நேற்று நேரில் வந்தார். பார்த்தவுடனே அவர் முகம் மாறியது. உளிக்கோடுகள் புதியவை. கல்லைத் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கிறது. உப்புக் கரைசலை ஊற்றித் தேய்த்து, கடல் கல் என்று நம்பவைக்கச் செய்த போலி என்று சொல்லிவிட்டார். இரவு இங்கேயே தங்கிவிட்டு, இன்று மாலை மலை இறங்கியதும் போலீசில் புகார் கொடுக்கப்போகிறார். கல் கிடப்பது சின்னராசுவின் இடம் என்பதால் புகாரில் முதல் பெயரும் அவர் பெயர்தான்.

கலைமணியை வரவழைத்ததும் சின்னராசுதான். மனிதர் தோளிலிருந்த துண்டை எடுத்து மடிப்பதும் பிரிப்பதுமாக நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, அந்தக் கல்லுல மாட்டையும் எங்களையும் தவிர யாரும் கால் வெச்சதில்லீங்க. ஸ்டேசன்ல கொண்டுபோயி உக்கார வெச்சாங்கன்னா, நாளைக்கு ஊருக்குள்ள நான் எப்படிங்க நடக்கறது?"

கலைமணி அவருக்குத் தைரியம் சொன்னாள். சொல்லும்போதே அவள் பார்வை வீட்டுக்குள் போயிற்று.

அவளும் ராதிகாவும் எம்.ஏ. வரலாறு ஒன்றாகப் படித்தவர்கள். கடலோரக் கோட்டைகள் என்ற தலைப்பு முதலில் கலைமணியுடையது. பழவேற்காட்டில் புதர் மூடிக் கிடந்த கோட்டையையும், சதுரங்கப்பட்டினத்தில் உப்புக்காற்று அரித்த செங்கல் சுவரையும் ராதிகாவுக்கு முதன்முதலில் காட்டியவள் அவள். அப்பா படுத்த படுக்கையானதும் கலைமணி படிப்பை விட்டு ஊர் திரும்பினாள். ராதிகா அதே தலைப்பில் டாக்டர் பட்டம் வாங்கினாள், புத்தகங்கள் எழுதினாள். முதல் புத்தகம் 'கைவிட்ட கோட்டை இடிவதில்லை, இடம் மாறுகிறது' என்று தொடங்கும். அந்த வாக்கியத்தை ஹாஸ்டல் மொட்டைமாடியில் தான் சொன்னதாகக் கலைமணிக்கு ஞாபகம். ஒருவேளை ராதிகாதான் சொன்னாளோ என்றும் சில நாள் தோன்றும். அப்படித் தோன்றும் நாட்களில் வயிறு இன்னும் அதிகமாக எரியும். ராதிகாவின் புத்தகங்கள் எல்லாம் கலைமணியின் மேசை இழுப்பறையில், செய்தித்தாள் அட்டை போட்டு ஒளிந்துகிடந்தன. முபஷிர் கேட்டபோது சட்டப் புத்தகங்கள் என்று சொல்லியிருந்தாள்.

ராதிகா முன்னறைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். டிவியில் பேட்டி கொடுக்கும்போது நிமிர்ந்திருக்கும் கழுத்து இன்று தொங்கிக் கிடந்தது. பக்கத்தில் அவள் தங்கை கவிதா. ஓவியக் கல்லூரியில் படித்தவள். ராதிகாவின் புத்தகங்களில் உள்ள கோட்டைப் படங்கள் எல்லாம் அவள் வரைந்தவை. அக்காவுக்குத் தண்ணீர் கொடுத்தாள், போர்வையை இரண்டு தடவை இழுத்துவிட்டாள், விசாரிக்க வந்தவர்களுக்கு அக்காவின் சார்பில் நன்றியும் சொன்னாள்.

கலைமணி நேராகக் கேட்டாள். அந்த உளிக்கோடுகள் எப்படி வந்தன, உப்பு எப்படி வந்தது?

ராதிகா நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல, கலை. நீ எழுதறத எழுதிக்கோ."

நேற்று வேல்முருகனிடமும் இதையேதான் சொல்லியிருக்கிறாள். கல்மேல் போட்டிருந்த தார்ப்பாயை விலக்கியதும் குனிந்து பார்த்தாளாம். வெகுநேரம் பார்த்தாளாம். அப்புறம் வாயே திறக்கவில்லை.

வெளியே வந்தபோது கலைமணிக்கு உடம்பு லேசாக இருந்தது. மூடுபனி இறங்கிய காப்பிச் செடிகள்கூட அழகாகத் தெரிந்தன. இத்தனை வருடம் தூக்கித் திரிந்த ஒன்றை யாரோ தோளிலிருந்து இறக்கி வைத்ததுபோல இருந்தது. ராதிகாவும் பொய் சொல்வாள். ராதிகாவும் பிடிபடுவாள்.

கட்டுத்தரையில் சின்னராசுவின் மனைவி ருக்குமணி பசுவை இழுத்து வேறு முளையில் கட்டிக்கொண்டிருந்தாள். கல்லின் மேல் இந்த மாட்டுக்கு எப்போதும் இப்படித்தான் ஆசையா என்று கலைமணி கேட்டுவைத்தாள்.

"இல்லீங்க. பொறந்ததுலருந்து அதைத் தாண்டித்தான் உள்ள போகுது, ஒருநாளும் மோந்துகூடப் பாத்ததில்ல. போன வாரம் அம்மிணிங்க வந்து தங்குனாங்க பாருங்க, கல்லைச் சுத்தம் பண்றோம்னு மண்ணைப் பூசித் தார்ப்பாய் போட்டு மூடுனாங்க. அன்னிக்குச் சாயங்காலமே கயித்த அத்துக்கிட்டு ஓடுதுங்க."

அது போதும் என்று கலைமணி திரும்பினாள். போன வாரம் வந்தார்கள், மூடினார்கள், அன்றே உப்பு ஏறியிருக்கிறது. வழக்கு முடிந்தது என்று முபஷிரிடம் சொன்னாள். மாடு பிறழாத சாட்சி என்று அவனும் ஒப்புக்கொண்டான். இருந்தாலும் அவன் நகரவில்லை. கடல்கல் என்றால் உப்பு இருக்கத்தானே வேண்டும், அப்புறம் எதற்குப் புதிதாக உப்பு போட்டார்கள் என்று கேட்டான்.

கலைமணி ஆசிரியைபோல விளக்கத் தொடங்கினாள். கடற்கரையில் நிற்கும் வரைதான் கல்லில் உப்பு இருக்கும். மலைக்குக் கொண்டுவந்துவிட்டால் சில மழைக்காலங்களிலேயே உப்பு முழுக்க இறங்கிப்போகும். ஆலம்பரைக் கோட்டையிலிருந்து உள்நாட்டுக்குப் போன கல்லிலேயே...

பாதியில் நின்றாள். அந்த வரிகள் ராதிகாவின் இரண்டாவது புத்தகத்தில், நடுப்பக்கத்தில் இருந்தவை.

"அது அந்தச் சட்டப் புத்தகத்துல இருக்குதாக்கா?" என்றான் முபஷிர், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

கலைமணி கல்லைத் திரும்பிப் பார்த்தாள். இந்தக் கல்லில் உப்பே இருக்காது என்று உலகத்துக்கு எழுதிக் காட்டியவள் ராதிகா. போலி செய்கிறவள் அவளாக இருந்தால் எதை மறந்தாலும் இதை மறக்க மாட்டாள். அப்படியென்றால் உப்பைத் தேய்த்தவர்கள் கல்லை நம்பவைக்கத் தேய்க்கவில்லை. வேல்முருகனைப் போன்ற ஒருவர் தொட்டு நாக்கில் வைத்துச் சந்தேகப்பட வேண்டும் என்றே தேய்த்திருக்கிறார்கள்.

இந்த எண்ணம் வந்ததும் அவளுக்கு முதலில் எழுந்தது எரிச்சல்தான். கையில் கிடைத்த பண்டத்தை யாரோ பிடுங்கிக்கொண்டதுபோல.

"இன்னொண்ணுக்கா" என்றான் முபஷிர். "அம்மிணிங்கன்னு அந்தம்மா சொன்னப்ப, எந்த அம்மிணின்னு நீங்க கேக்கவே இல்ல. ஜவுளிக்கடையில சேலைன்னு கேட்டு வந்தாக்கூட எந்தச் சேலைன்னுதான் மொதல்ல கேப்போம்."

அவளுக்கு முகம் சுட்டது. அதை அவனிடம் காட்டாமல், கடப்பாரை கொண்டுவரும்படி சின்னராசுவிடம் சொன்னாள்.

வேல்முருகன் தடுத்தார். போலிக் கல்லைப் புரட்டி என்ன ஆகப்போகிறது என்றார். போலியாக இருந்தால் புரட்டுவதில் நஷ்டமும் இல்லை என்று முபஷிர் சொன்னதும் அவர் விலகி நின்றார். சின்னராசுவும் அண்டை வீட்டு ஆண்கள் இருவரும் கடப்பாரை போட்டு நெம்பினார்கள். வேர் பிடித்த மண்ணைப் பிய்த்துக்கொண்டு கல் மெல்ல எழுந்து பக்கவாட்டில் சாய்ந்தது. அடியில் மண்புழுக்கள் நெளிந்தன. பல தலைமுறையாக யார் கையும் படாத முகம் அது.

கலைமணி முழங்காலிட்டு ஈர மண்ணை வழித்தாள். ஓர் ஓரத்தில் கதவுக் குடுமி சுழல்வதற்கான குழி இருந்தது. கோட்டை வாசலை எப்போதோ மாற்றிக் கட்டியபோது அந்தக் குழியைச் சுண்ணாம்புக் காரையால் அடைத்திருந்தார்கள். அவள் வண்டிச் சாவியால் காரையைச் சுரண்டினாள். வெள்ளையாக, மெல்லியதாக ஒரு துணுக்கு கையில் விழுந்தது. அப்புறம் இன்னொன்று. வரி வரியாகக் கோடு ஓடிய கிளிஞ்சல் துண்டுகள்.

மலையிலும் அடிவாரத்திலும் அந்தக் காலத்தில் சுக்கான் கல்லைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள். கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பவர்கள் கடற்கரைக்காரர்கள். சரியாக வேகாத கிளிஞ்சல் இப்படிக் காரைக்குள் தங்கிப்போகும்.

வேல்முருகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அவர் நேர்மையான மனிதர். தான் அவசரப்பட்டதாகச் சொன்னார். கல் அசல் கல். மேலே ஓடும் கோடுகளை மட்டும் யாரோ உளியால் மறுபடி வெட்டி, உப்பைத் தேய்த்து, அசலைப் போலியாக்கியிருக்கிறார்கள்.

சின்னராசு கைகூப்பினார். ஆனால் வேல்முருகன் முடிக்கவில்லை. பழங்காலக் கல்லைப் போலியாகச் செய்வதைவிடச் சிதைப்பது பெரிய குற்றம் என்றார். கல் இருந்தது சின்னராசுவின் கட்டுத்தரையில். செய்த ஆள் இன்னார் என்று தெரியாதவரை புகாரில் அவர் பெயர்தான் இருக்கும். மோசடி என்ற வார்த்தை போய்ச் சேதம் என்ற வார்த்தை வரும், அவ்வளவுதான்.

சின்னராசு கூப்பிய கையைப் பிரிக்க மறந்து நின்றார்.

கலைமணி கை கழுவ வீட்டுக்குள் போனாள். உள்ளறைச் சுவரில் மளிகைக்கடைக் காலண்டருக்குப் பக்கத்தில், சட்டம் போட்ட ஒரு பென்சில் ஓவியம் தொங்கியது. இதே கல், இதே கப்பல். பாய்மர உச்சியில் காற்றில் பறக்கும் ஒரு கொடி. கோடுகளில் அத்தனை உயிர் இருந்தது.

அவள் முபஷிரைக் கூப்பிட்டு, பங்குனியில் பத்திரிகையில் வந்த படத்தைக் கைபேசியில் தேடி எடுக்கச் சொன்னாள். அந்தப் படத்தில் பாய்மர உச்சி மாட்டுக் குளம்பு பட்டுத் தேய்ந்து வெறும் கல்லாக இருந்தது. கொடி இல்லை. இருவரும் வெளியே ஓடிவந்து, சாய்ந்து நின்ற கல்லின் மேல்முகத்தைப் பார்த்தார்கள். புதிய உளிக்கோட்டில் கொடி பறந்துகொண்டிருந்தது.

இப்போது கலைமணி கேட்க வேண்டியதைக் கேட்டாள். அந்தப் படத்தைக் கொடுத்தது எந்த அம்மிணி?

"சின்னவங்கதாங்க" என்றாள் ருக்குமணி. "மொத தடவை வந்தப்ப வரைஞ்சாங்க. கல்லுல இல்லாத கொடியை எதுக்குப் போட்டேன்னு பெரியவங்க எல்லாரு முன்னாடியும் சத்தம் போட்டு, வேற வரையச் சொல்லிப்போட்டாங்க. சின்னவங்க கிழிக்கப் போனாங்க, நான்தான் கேட்டு வாங்கி மாட்டி வெச்சேன். போன வாரமும் பெரியவங்க தினமும் பங்களாக் கதை கேக்கப் பக்கத்துப் பெரக்கரை நாட்டுக்குப் போயிருவாங்க. கல்லுகிட்ட இருந்தது சின்னவங்க மட்டுந்தான்."

மிளகுக்கொடி படர்ந்த மரங்களுக்கு நடுவில், ஈரப் பாறை ஒன்றில் கவிதா உட்கார்ந்திருந்தாள். கல்லைப் புரட்டிய சத்தம் கேட்டதுமே அங்கே போய்விட்டிருந்தாள். கலைமணி எதிரே போய் நின்று, கல் அசல் என்பது தெரிந்துவிட்டது என்றும், சின்னராசு மேல் சிதைத்த குற்றம் வரப்போகிறது என்றும் சொன்னாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

கவிதா தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேசினாள். மெதுவாகத் தொடங்கி, நிறுத்த முடியாமல் பேசினாள். பழவேற்காட்டிலிருந்து தரங்கம்பாடி வரை ஒவ்வொரு கோட்டையிலும் வெயிலில் உட்கார்ந்து வரைந்தவள் அவள். அக்கா நிழலில் நின்று குறிப்பு எடுப்பாள். இந்தக் கல்லில் மண்ணைத் துடைத்து, இது ஏர் இல்லை, கப்பல் என்று முதலில் சொன்னதும் அவள்தான். பத்திரிகையில் 'நான் கண்டேன்' என்று அக்காவின் வாசகம் வந்தது. படம் வரைந்தவள் பெயர் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், அச்சகத்தின் பெயருக்கு மேலே, பொடி எழுத்தில் இருக்கும். ஒரே ஒரு தடவை அக்கா எல்லோர் முன்னாலும் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. கல்லூரியில் சிற்பமும் படித்திருக்கிறாள். உளி பிடிக்கத் தெரியும். இது சின்னராசுவையும் இழுத்துப் போகும் என்று நினைக்கவே இல்லை. வெட்டும்போது கை தானாகக் கொடியையும் வெட்டிவிட்டது.

"எப்படிக்கா நான்தான்னு கண்டுபிடிச்சீங்க?"

"கொடிய வெச்சுத்தான். ஆனா அதுக்கு முன்னாடியே ஒண்ணு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. ராதிகா தலை குனிஞ்சு உக்காந்திருந்தப்ப அந்த ரூம்ல ரெண்டு பேருக்கு உள்ளுக்குள்ள சந்தோசமா இருந்துச்சு, கவிதா. போர்வையை நீ ரெண்டு தடவை இழுத்து விட்டப்ப உன் கையில ஒரு உற்சாகத்தைப் பாத்தேன். ஒருத்தி நீ."

இன்னொருத்தி யார் என்று கவிதா கேட்கவில்லை. கலைமணியின் முகத்தைப் பார்த்தாள். அது போதுமானதாக இருந்தது.

அக்காவுக்கு இது தெரிய வேண்டாம் என்று கவிதா கெஞ்சினாள். யாரோ செய்துவிட்டார்கள் என்றே அக்கா நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்றாள்.

"அவளுக்கு நேத்தே தெரியும்" என்றாள் கலைமணி. "கொடி வேண்டாம்னு சொன்னவளே அவதான். தார்ப்பாயை எடுத்ததும் முதல்ல அவ கண்ணுல பட்டது அந்தக் கொடியாத்தான் இருக்கும். நான் செய்யலைன்னு ஒரு வார்த்தை சொன்னா, அடுத்த கேள்வி உன்கிட்ட வரும். அதனாலதான் வாயே திறக்கலை."

கவிதாவின் முகம் அதுவரை வறண்டுதான் இருந்தது. இப்போது அது நொறுங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். சிறிது தூரம் தடுமாறி நடந்து, பிறகு ஓடினாள். கலைமணி பின்னால் போகவில்லை. மரங்களின் இடைவெளியில் அவளுக்கு எல்லாம் தெரிந்தது. கவிதா வேல்முருகனிடம் நேராகப் போனாள். ஏதோ சொல்லித் தன் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாள். அப்புறம் சின்னராசுவின் முன்னால் போய் நின்றாள். சின்னராசு என்ன செய்வதென்று தெரியாமல் தன் துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார், கண்ணைத் துடைத்துக்கொள்ள.

புகாரை என்ன செய்வது என்று குழு கூடி முடிவெடுக்கும் என்றார் வேல்முருகன். சின்னராசுவின் பெயர் இனி எதிலும் இருக்காது என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். கல்லை மறுபடி படியாகப் போடாமல் கூரைக்கு அடியில் நிறுத்தச் சொன்னார். பசுவின் வருத்தத்தை யார் தீர்ப்பது என்று முபஷிர் கேட்டான். யாரும் சிரிக்கவில்லை, ருக்குமணியைத் தவிர.

கலைமணிக்கு நிம்மதி வரவில்லை. இதுவரை அவள் ராதிகாவின் பட்டத்துக்கும் புத்தகத்துக்கும் பேருக்கும்தான் எரிந்தாள். அதையெல்லாம் தானும் செய்திருக்க முடியும் என்ற நினைப்பு ஒருவகை ஆறுதலாக இருந்தது. இன்று பார்த்தது வேறு. இருபது வருட உழைப்பும் போகட்டும் என்று ஒருத்தி தங்கைக்காக வாயை மூடிக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் தான் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். முதல் கேள்விக்கே பெயரைச் சொல்லியிருப்பாள். இந்தப் பொறாமை பழைய பொறாமையைவிட ஆழமாக இறங்கியது.

வீட்டுக்குப் பின்னால், இடிந்த பங்களாவின் அடித்தளச் சுவர்மேல் ராதிகா உட்கார்ந்திருந்தாள். கவிதா அவளிடம் வந்து பேசிவிட்டுப் போயிருக்க வேண்டும். கவிதாவின் கண்களைப் போலவே அவள் கண்களும் சிவந்திருந்தன. தூரத்தில் பனி விலகி, அடிவாரத்து ஊர்கள் மெல்லத் தெரிந்தன.

கலைமணி வருவதைப் பார்த்து ராதிகா கேட்டாள்.

"நான்தான் செஞ்சிருப்பேன்னு நீயும் நினைச்சியா, கலை?"

இல்லை என்று சொல்ல வார்த்தை தயாராக இருந்தது. கலைமணி அதைச் சொல்லவில்லை.

"நினைச்சது மட்டுமில்ல. நீயா இருக்கணும்னு ஆசைப்பட்டேன்."

கீழே எங்கோ ஒரு பஸ் வளைவில் ஹாரன் அடித்தது. ராதிகா சேலையை ஒதுக்கிக்கொண்டு, சுவரின் ஓரத்துக்கு நகர்ந்து, பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டாள்.

கலைமணி போய் உட்கார்ந்தாள்.